யூனுஸ் சாரும் வாளை மடுவும்

செய்தி மீனவர் சங்கத்துச் சரோஜாவிடமிருந்து போனில் வந்தது. காலை எட்டு மணி இருக்கும். குடியாத்தம் பேருந்து நிலையத்தில் டீ வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். "வாத்தியாரு போய்ட்டாரு சார்" என்றார். "எங்க, ஏரிக்கா? தனியாவா போனாரு?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகை கேட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேராசிரியர் யூனுஸ் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தவர், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அடங்கிவிட்டார். ஐம்பத்தாறு வயது. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஆறிப்போன பிறகுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் விலங்கியல் படித்தவர்கள். வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்று நீங்கள் எழுதுவீர்கள். எனக்கு அவர் ஆசிரியர் அல்ல. இருவருக்கும் ஒரே வயது. நான் அந்தப் பகுதியில் மீன்வள ஆய்வாளராக இருந்த ஆண்டுகளில் அவருடன் ஏரியில் வேலை செய்தேன். அந்த வேலையைப் பற்றியும், அதில் நடந்த ஒரு தவறைப் பற்றியும் எழுத வேண்டியவன் நான்தான். அந்தத் தவறு அவருடையது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஏரி. தொடர்ந்து நல்ல மழை பெய்து, கோடையிலும் தண்ணீர் வற்றாத காலம் அது. ஆனாலும் மீனவர்கள் புலம்பினார்கள். நாங்கள் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லாவும் ரோகுவும் கிடைத்தன. ஏரியிலேயே பிறந்து வளரும் வாளை மட்டும் குறைந்துகொண்டே போனது. மீனவர் சங்கத் தலைவி சரோஜா மனுக் கொடுக்க வரும்போதெல்லாம் இதையே சொல்வார். வடக்கு வாய்க்காலில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கெட்ட தண்ணீர் வருவதுதான் காரணம் என்பார். ஊருக்குள் கேட்டால், மீனவர்களே எல்லாவற்றையும் வழித்துப் பிடித்துவிட்டார்கள் என்பார்கள். என் அலுவலகத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு இருந்தது.

ஒருநாள் யூனுஸ் சார் அலுவலகத்துக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் மேஜைமேல் வைத்தார். சுண்டுவிரல் நீளம் இருக்கும், கறுப்பாக, பெரிய மாத்திரை மாதிரி. "இதை வாளை வயித்துக்குள்ள வச்சுத் தைச்சுட்டா, அது எங்க போனாலும் சத்தம் குடுத்துக்கிட்டே போகும். நம்ம காதுக்குக் கேக்காது. தண்ணிக்குள்ள அங்கங்க கருவி கட்டி வச்சா அதுக்குக் கேக்கும்" என்றார்.

ரேடியோ அலையில் இயங்கும் கருவிகளும் உண்டே, தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே பார்த்துவிடலாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நம்ம தண்ணியில உப்பு ஜாஸ்தி சேகர். ரேடியோ அலை கொஞ்ச தூரத்துலயே செத்துப்போயிடும். இந்த ஊருக்கு ஒலிதான்."

மாத்திரை என்ற பெயரே அந்தக் கருவிக்கு நிலைத்தது. சரோஜாவின் ஆட்கள் தெர்மாகோல் தெப்பத்தில் போய் வாளைகளை உயிரோடு பிடித்து வந்து தொட்டியில் விட்டார்கள். சார் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் கலந்து மீனை மயங்கவைத்தார். வயிற்றில் சின்னதாகக் கீறி, மாத்திரையை உள்ளே வைத்து, மூன்றே தையல். முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்து எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் துண்டுகளை வாங்கி வைத்து, இரண்டு மாதம் வீட்டில் தைத்துப் பழகினாராம். கிராம்பு வாசம் கரை முழுக்கப் பரவியது. "இன்னா சார், பிரியாணி போடறீங்களோன்னு வந்தோம்" என்று துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மயக்கம் தெளியும் வரை ஒவ்வொரு மீனையும் அவர் தன் கையிலேயே தண்ணீருக்குள் பிடித்திருந்தார். அது உதறிக்கொண்டு போன பிறகுதான் அடுத்ததைத் தொட்டார்.

ஓர் ஆண்டு முழுக்க, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கருவிகளைத் தூக்கி, பதிவானதை எடுத்தோம். வரைபடம் மெல்ல மெல்ல உருவானது. மழைக்காலத்தில் வாளைகள் ஏரி முழுக்க அலைந்தன. வடக்கு வாய்க்கால் பக்கம் சில நாட்களில் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. முன்பே அங்கே போயிருந்தவையும் அவசரமாகத் திரும்பின. கோடை தொடங்கியதும், அவற்றில் ஏறக்குறைய எல்லாமே கிழக்குக் கரையோரம் இருந்த ஒரே ஆழமான பள்ளத்தில் வந்து கூடின. மீனவர்கள் அதை மடு என்பார்கள். அவர்களுக்கும் அங்கே மீன் உண்டு என்று தெரியும். எல்லா மீனும் அங்கேதான் என்பது யாருக்கும் தெரியாது.

அந்த வரைபடத்தில் மடுவின் மேல் அவர் விரலை வைத்தார். "கோடையில வலை போட்டா நல்லா கிடைக்குதுன்னு எல்லாரும் சந்தோஷப்படறாங்க. ஏரியில நிறைய இருக்குன்னு நினைக்கறாங்க. இல்ல சேகர். இருக்கறது மொத்தமும் ஒரே எடத்துல நிக்குது. அதுதான் நல்லா கிடைக்குது. ஒருநாள் சட்டுனு ஒண்ணுமே இருக்காது" என்றார். கோடை மூன்று மாதமும் மடுவில் மீன்பிடிப்பை நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

வாய்க்கால் பற்றி எழுதக் கூடாது என்று அவர் உறவினர்களே அவரிடம் சொன்னார்கள். அவருடைய தந்தை நாற்பது வருடம் தோல் ஷாப்பில் நின்றவர். "என்னைப் படிக்கவச்சதே அந்தத் தோல்தான், அது எனக்குத் தெரியும்" என்று அவர்களுக்குப் பதில் சொன்னாராம். ஆனாலும் எழுதினார். என்னிடம் காட்டியபோது ஒரு வரியை விரலால் தொட்டுச் சொன்னார்: "மீன் எந்தப் பக்கம் போகலைன்னு எழுதியிருக்கேன். தண்ணியை யாரு விட்டாங்கன்னு மீன் சொல்லல. அதனால நானும் சொல்லல."

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஏரியின் குத்தகை வெளியூர்க்காரர் ஒருவரிடம் இருந்தது. உள்ளூர் மீனவர்கள் அவருக்காகச் சின்ன வலைகளில் மீன் பிடித்துக் கொடுத்துப் பங்கு வாங்கி வந்தார்கள். அறிக்கை அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பு அந்தக் குத்தகைதாரர் என் அலுவலகத்துக்கு வந்தார். வேறு ஏதோ கையெழுத்துக்காக. "மீனுக்குள்ள மெஷின் வச்சிருக்கீங்களாமே, உண்மையா சார்?" என்று வியப்பாகக் கேட்டார். அவர் என்னிடம் எதையும் நீட்டவில்லை. நான் எதையும் வாங்கவில்லை. என் பெருமைதான் என்னைப் பேசவைத்தது. இந்த மாவட்டத்தில் வேறு யாரும் செய்யாத வேலை இது என்று சொல்லிக் கணினியைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினேன். மடுவின் மேல் அடர்ந்திருந்த சிவப்புப் புள்ளிகளை விளக்கினேன். இடையில் போன் வந்தது; பேச வராந்தாவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் இரண்டு லாரிகளில் வெளியாட்கள் வந்தார்கள். பெரிய இழுவலையோடு நேராக மடுவுக்குப் போனார்கள். ஏரியில் வேறெங்கும் அவர்கள் வலை இறக்கவில்லை. சரோஜாவும் மற்றவர்களும் தெப்பத்தை ஓட்டிப் போய் மறித்தபோது, "குத்தகை எங்க அண்ணனோடது, நீ யாரும்மா கேக்கறதுக்கு" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். இரண்டு பகலில் வேலை முடிந்துவிட்டது.

ஒவ்வொரு மாத்திரையிலும் யூனுஸ் சாரின் கைப்பேசி எண் அச்சிட்டிருந்தது, யாராவது மீனை அறுக்கும்போது கிடைத்தால் தெரிவிக்கட்டும் என்று. அந்த ஓராண்டில் இரண்டே அழைப்புகள்தான் வந்திருந்தன. இப்போது அவர் போன் விடாமல் அடித்தது. ஆம்பூர் மார்க்கெட்டிலிருந்து, குடியாத்தத்திலிருந்து, வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு கடையிலிருந்து. அப்போது நான் அவர் கூடத்தான் இருந்தேன். ஒரு பெண் பயந்துபோய்க் கேட்டது எனக்கே காதில் விழுந்தது: "மீன் வயித்துல பேட்டரி மாதிரி கீதுங்க. வெடிச்சிடுமா? வூட்ல கொழந்தைங்க கீது." அவர் பொறுமையாக, "ஒண்ணும் ஆகாதும்மா. கழுவிட்டுத் தாராளமா சமைங்க. அதை மட்டும் ஒரு டப்பாவுல போட்டு வைங்க, நான் வந்து வாங்கிக்கறேன்" என்றார். பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போய் அத்தனையையும் வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் எந்த மீனுக்குள் இருந்தது என்று அவருக்கு மனப்பாடம். டப்பாவில் போடும்போது ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொட்டகையில் எங்களைக் கூப்பிட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அதுவரை அவரை 'நீங்க' என்றே பேசிவந்த சரோஜா எழுந்து நின்றார்.

"உன்ன நம்பித்தான சார் மீனப் புடிச்சிக் குடுத்தோம்? எங்க மீன எங்க கையாலயே காட்டிக் குடுக்க வச்சிட்டியே. அந்தக் குத்தகைக்காரங்கிட்ட படம் கீது. எனக்கே காட்டுறான், 'பாரும்மா, உங்க சார் போட்ட படம்'னு. வாங்கி வச்சிக்கினேன், இந்தா பாரு."

கைப்பேசியை நீட்டினார். யூனுஸ் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் தெரிந்தது. கணினித் திரையில் எங்கள் வரைபடம். திரைக்குக் கீழே ஒரு மேஜையின் ஓரம், அதில் விரித்த பச்சைத் துணி, துணியில் மை கொட்டிய கறை. சரோஜா என் அறைக்குள் வந்ததில்லை. மனுவை வெளியே இருக்கும் குமாஸ்தாவிடம் கொடுப்பார். யூனுஸ் சார் அந்த மேஜையில் நூறு தடவை கையூன்றி உட்கார்ந்தவர்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆமாம்மா. இது என் படம்தான். இதைப் பத்திரமா வச்சிருக்கவேண்டியது என் பொறுப்பு. நான் வச்சிருக்கல. தப்புதான்" என்றார்.

யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். இனி ஏரிப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் அரசு ஊழியனுக்குரிய முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ரயில்வே கேட் தாண்டியதும் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "உங்க மேலன்னு தெரிஞ்சா, இனிமே ஆபீஸ்காரங்க யாரையும் அவங்க நம்ப மாட்டாங்க சேகர். நீங்களும் டிரான்ஸ்பர்ல போயிடுவீங்க. என் மேலயே இருக்கட்டும். நான் இங்கயேதான் இருக்கப்போறேன். மெதுவா சரி பண்ணிக்கலாம்."

நான் வண்டியை நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். "சாப்பிட்டுப் போங்க" என்றார். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கான விலை குறைவாக இருக்கவில்லை. ஆராய்ச்சிக்கான நிதியுதவி நின்றது. அறிக்கையின் மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. கல்லூரியில் விளக்கம் கேட்டார்கள்; எழுத்திலும் தவறு தன்னுடையது என்றே கொடுத்தார். மீனவர்களுக்கு அந்தக் கோடையில் வலைக்கு எதுவும் வரவில்லை. சரோஜாவின் தம்பி வலையை மடித்து வைத்துவிட்டுத் தோல் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். இன்னும் ஏரிக்குத் திரும்பவில்லை. அவரைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

யூனுஸ் சார் ஞாயிறுதோறும் ஆம்பூர் மார்க்கெட்டில் சரோஜாவின் கடைக்குப் போய் மீன் வாங்கினார். சரோஜா மீனை நிறுத்துப் போடுவார், பேச மாட்டார். இப்படியே மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. ஒரு ஞாயிறு அவர், "அந்த மடுவை எப்படிம்மா காப்பாத்தறது? சட்டம் போட்டா போதும்னு நினைச்சேன். போதாதுன்னு தெரிஞ்சிடுச்சு. அப்புறம் இன்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியல" என்று கேட்டாராம். சரோஜா செதில் சீவிக்கொண்டே பதில் சொன்னார்: "முள்ளு போடணும் சார். சீமைக் கருவேல முள்ளு. அடியில முள்ளு இருந்தா இழுவலை இறங்காது, கிழிஞ்சிடும்."

குத்தகைக் காலம் முடிந்து, அடுத்த முறை ஏரி மீனவர் சங்கத்துக்கே வந்தது. அதற்கு ஆதரவாக நான் ஒரு குறிப்பு எழுதினேன். நான் செய்தது அவ்வளவுதான். முள் வெட்டி, கல் கட்டி, தெப்பத்தில் ஏற்றி மடுவில் இறக்கியது அவர்கள். அவரும் அவர்களுடன் நின்றார். உள்ளங்கையில் முள் ஏறிச் சீழ் பிடித்து ஒரு மாதம் கரும்பலகையில் இடது கையால் எழுதினார். அந்த ஆண்டு படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

திரும்பக் கிடைத்த மாத்திரைகளில் பல இன்னும் இயங்கின. அவற்றை மறுபடியும் மீனில் வைக்கலாமா என்று சங்கத்தில் கேட்டார். இரண்டு கூட்டத்தில் மறுத்தார்கள். மூன்றாவதில் சரோஜா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: பதிவு எடுப்பது கொட்டகையில், எல்லார் முன்னாலும், வரைபடம் வெளியே போகாது. அவர் உடனே ஒப்புக்கொண்டார். அன்று சரோஜாவைத் தெப்பத்தில் அழைத்துப் போய், கேட்கும் கருவியைத் தண்ணீரில் இறக்கி, அதன் ஹெட்போனை அவர் காதில் மாட்டினார். சரோஜா கண்ணை மூடிக்கொண்டார். "டிக் டிக்குனு கேக்குது சார். இது எது?" என்றார். "போன வாரம் நீங்க புடிச்சுக் குடுத்த பெட்டை. உங்க வலைக்குப் பக்கத்துலயே நிக்குது" என்றார் அவர். அந்தக் கோடையில் மடுவுக்குள் யாரும் வலை போடவில்லை. அரசாணை எதுவும் இல்லை. அவர்களே முடிவெடுத்து நிறுத்தினார்கள். மேலிடத்திலிருந்து வரைபடம் கேட்டுக் கடிதம் வந்தபோது, "சங்கத்தைக் கேளுங்கள்" என்று ஒரு வரியில் பதில் அனுப்பினார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வடக்கு வாய்க்காலில் தண்ணீர் இன்னும் சில நாட்களில் நுரைத்து வருகிறது. வாளை பெருகியிருக்கிறதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. முதல் மழைக்கு அவை வாய்க்கால் வழியாக மேலே ஏறி முட்டையிட வேண்டும். அவர் இறப்பதற்கு முந்தைய வாரம் முதல் மழை பெய்தது. "இந்தத் தடவை ஏறுதான்னு பாக்கணும் சேகர், நீங்களும் வாங்க" என்று போனில் சொன்னார். வருகிறேன் என்றேன். போகவில்லை.

வாணியம்பாடியில் அவரை அடக்கம் செய்த அன்று, மீனவர்கள் தோள் கொடுக்க முண்டியடித்தார்கள். பெண்கள் சாலையோரம் நின்றார்கள். மூன்றாம் நாள் சரோஜா என்னைக் கூப்பிட்டார், பதிவை எடுக்க வேண்டும், எங்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்று. போனேன். கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகப் பார்த்தோம். ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே மடுவை ஒட்டியே இருந்தன. சரோஜா காதில் கேட்ட அந்தப் பெட்டை மட்டும் முதல் மழையன்று வடக்கு வாய்க்கால் வாய்க்குப் போயிருக்கிறது. அதோடு சத்தம் நின்றுவிட்டது. அதற்கு மேல் எங்களிடம் கருவி இல்லை. ஏறிப் போய் முட்டையிட்டதா, அந்தத் தண்ணீரில் செத்ததா, சொல்ல வழியில்லை.

மற்றவர்கள் போன பிறகு சரோஜாவிடம் சொன்னேன். அந்தப் படம் என் மேஜையில் எடுத்தது, காட்டியவன் நான், யூனுஸ் சாருக்கு அன்றே தெரியும் என்று சொன்னேன். சரோஜா என்னைத் திட்டவில்லை. கருவியின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவரு இருக்கும்போது சொல்லியிருக்கணும் சார்" என்றார் கடைசியில். "அம்பது பேரு முன்னாடி தலையக் குனிஞ்சிக்கினு நின்னாரு. எத்தினி மாசம் என் கடைக்கு வந்தாரு. ஒரு வார்த்த நான் பேசல. இப்ப வந்து எங்கிட்ட சொல்றீங்க. நான் யார்கிட்ட போய் சொல்றது?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்கும், அவரைப் பற்றித் தவறாகக் கேள்விப்பட்ட அவர் மாணவர்களுக்கும், கல்லூரியில் அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்தைக் கோப்பில் வைத்திருப்பவர்களுக்கும்: மடுவைக் காட்டிக்கொடுத்தவன் நான். யூனுஸ் சாருடைய புத்தகங்கள் அவர் பிள்ளைகளிடம் இருக்கின்றன. கருவிகள் சங்கத்தில் இருக்கின்றன. எனக்காக அவர் சுமந்த பழி ஒன்றுதான் என் பங்கு. அதை இன்று வாங்கிக்கொள்கிறேன்.